கரட்டு மேலிருந்து சைக்கிளில்: எங்கள் டவுன்ஹில் குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பை ஒட்டி ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக் குன்று. ஆறு வருஷமாக எங்கள் குழு அங்கேதான் டவுன்ஹில் சைக்கிள் ஓட்டுகிறது. மொத்தம் ஒன்பது பேர். ஓசூரில் ஷிஃப்டு வேலைக்குப் போகிறவர்கள், தருமபுரியில் கல்லூரி படிப்பவர்கள், ஒரு பள்ளி ஆசிரியை, கிரானைட் பாலிஷ் போடும் ஒரு தம்பி. நான் இப்போது போட்டியில் ஓட்டுவதில்லை. சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவது, போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

தை பிறந்து போட்டிகள் ஆரம்பித்துவிட்டால் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாமே நியாயமான கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

டவுன்ஹில்னா என்னங்க? மலை மேல இருந்து சும்மா இறங்குறதுதானே?

மேலே ஒரு தொடக்கம், கீழே ஒரு முடிவு, நடுவில் கல்லும் வேரும் பள்ளமும் திருப்பமுமாக ஒரு தடம். ஓட்டுபவர்களை இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். பக்கத்தில் இன்னொருவர் கிடையாது, கடிகாரம்தான் எதிராளி. குறைந்த நேரத்தில் இறங்கியவர் ஜெயித்தவர். சர்வதேச விதிப்படி ஒரு தடத்தில் இறங்க 2 முதல் 5 நிமிடம் பிடிக்க வேண்டும். எங்கள் கரட்டில் நல்லா ஓட்டுபவருக்கு 1 நிமிடம் 15 நொடி ஆகும்.

சும்மா இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்து மலைப்பாதையில் இளைஞர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் நேரம் பார்த்து இறங்க ஆரம்பித்தார்கள். அந்த சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் சக்கர நடுவில் உள்ள கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். கழற்றித் திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை ஓட்ட முடியும். அப்படி மறுபடி அடைப்பதை ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்பார்கள். அந்தப் பாதைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அங்கிருந்து வளர்ந்து 1990-ல் கொலராடோ மாநிலம் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப் வரை போனது. பிறந்த நாளிலிருந்தே இந்த விளையாட்டு பிரேக்கைச் சுற்றித்தான் ஓடுகிறது. கீழே வருகிற பாதிப் பதில்களிலும் நான் அங்கேயே வந்து நிற்பேன்.

அப்போ மிதிக்கவே வேண்டாமா? உடம்புக்கு என்ன வேலை இருக்கு?

2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்கர் ஆரோன் க்வின்னுக்குத் தொடக்கத்திலேயே செயின் அறுந்துபோனது. ஒரு மிதி மிதிக்க வழியில்லை. அப்படியே இறங்கி, அந்தப் போட்டியை அவரே ஜெயித்தார். வேகத்தை இழக்காமல் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய திறமை என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

உடம்புக்கு வேலை நிறையவே இருக்கிறது. முழு தூரமும் சீட்டில் உட்காராமல் நின்றபடி, முழங்காலும் முழங்கையும் மடங்கி, ஒவ்வொரு கல்லுக்கும் உடம்பு ஏறி இறங்க வேண்டும். முதல் தடவை ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முன்கை கல்லு மாதிரி இறுகிப்போய், விரல் பிரேக்கை இழுக்க மறுக்கிறது. அதற்காகவே மார்கழி மாதம் முழுக்க கரட்டு மேல் நடந்து ஏறுவது, தண்டால், கம்பியில் தொங்குவது என்று வைத்திருக்கிறோம்.

நம்ம பக்கம் இதுக்கெல்லாம் போட்டி நடக்குதா?

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் வருஷா வருஷம் நடக்கிற டவுன்ஹில் போட்டி என்று எதுவும் இல்லை. எங்கள் கரட்டில் நாங்களே வைத்துக்கொள்வதுதான். மற்றபடி பெங்களூரைச் சுற்றி நடக்கும் ஒரு நாள் போட்டிகள், கேரள மலைப்பகுதிப் போட்டிகள். நாம் இருக்கும் இடம் இதற்கு வசதி. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான்.

இந்திய சைக்கிள் கூட்டமைப்பு நடத்தும் தேசிய மலை சைக்கிள் போட்டியில் டவுன்ஹில் ஒரு பிரிவு. அதற்கு மாநிலச் சங்கம் வழியாகத்தான் போக முடியும். 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பே நடந்தது. எங்களில் நாலு பேர் பார்க்கப் போனோம். திரும்பி வந்த வாரமே எங்கள் தடத்தில் இருந்த இரண்டு திருப்பங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். நல்ல தடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதில் ஓட்ட மனசு வரவில்லை.

சீசன் ஏன் தை மாசம் ஆரம்பிக்குது?

மண்தான் காரணம். எங்கள் கரட்டில் பாறை மேல் செம்மண் மெல்லிசாகப் படிந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சேறு. ஓட்டினால் தடமே கிழிந்துவிடும். மார்கழிப் பனியில் மெதுவாக இறுகி, தை, மாசி இரண்டு மாதமும் டயர் நன்றாகக் கவ்வும். பங்குனி வெயிலில் மேல் மண் மாவு மாதிரி பொடிந்து, திருப்பங்களில் சக்கரம் வழுக்க ஆரம்பிக்கும். சித்திரையில் மாங்காய் அறுவடை; தோப்புக்காரருக்குத் தோப்பு வேண்டும், நாங்கள் ஒதுங்கிவிடுவோம்.

காட்டுக்குள்ள போய் ஓட்டுறீங்களா? யானை வராதா?

போகமாட்டோம். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் இருக்கிற மலைகளைப் பார்த்து நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி காப்புக்காடு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அந்தப் பக்கம்தான். அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அதோடு, ராகி முற்றும் காலத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வரும். எங்கள் பயிற்சிக் காலமும் அதே குளிர்காலம். சத்தமே இல்லாமல் வேகமாக இறங்கும் சைக்கிளும் யானையும் ஒரு வளைவில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

மலைக்கோட்டைகளும் அப்படியே. கிருஷ்ணகிரி கோட்டை, ராயக்கோட்டை இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. படியில் இறங்கி வீடியோ எடுக்கும் ஆசையோடு வருகிறவர்களை நாங்கள் குழுவில் சேர்ப்பதில்லை. பட்டா நிலம், சொந்தக்காரர் சம்மதம், பகல் வெளிச்சம் என்ற மூன்றும் இருந்தால்தான் சைக்கிளை இறக்குவோம்.

வத்தல்மலை ரோட்டுல இறங்கிப் பழகலாமே?

ஏறிப் பழகுங்கள். நாங்களும் மாதம் ஒரு முறை அங்கே ஏறுகிறோம், மூச்சுக்கும் தொடைக்கும் அவ்வளவு நல்லது. இறங்கும்போது மட்டும் சாதாரணமாக இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ்ஸும் வரும், விறகு சுமந்து வருகிற அம்மாவும் வருவார். பொது ரோட்டில் நேரம் பார்த்து ஓட்டக் கூடாது.

எங்க பையன்கிட்ட டபுள் சஸ்பென்ஷன் சைக்கிள் இருக்கு. பன்னண்டாயிரத்துக்கு வாங்கினது. அதுல வரலாமா?

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஆனாலும் வேண்டாம். அந்த விலை சைக்கிள்களில் பின்னால் இருப்பது வெறும் சுருள்கம்பி. அமுங்கும், உடனே எகிறும். எகிறுவதை நிதானப்படுத்தும் எண்ணெய் அமைப்பு உள்ளே கிடையாது. ஒரு பள்ளத்தில் அமுங்கி எழும்போது ஓட்டுபவரை முன்பக்கமாகத் தூக்கி எறியும். சட்டமும் (ஃபிரேம்) சக்கரமும் குதிக்கிற சுமைக்குச் செய்தவை அல்ல.

அந்தப் பணத்துக்கு மேலே போட்டு, பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத, முன்னால் மட்டும் உருப்படியான ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும், அமுங்கி எழும் இரண்டு கால்கள்) உள்ள ஹார்ட்டெயில் வாங்கலாம். எண்ணெய் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். எங்கள் கரட்டின் பாதித் தடத்தை அதில் ஓட்டலாம். குழுவின் இரண்டு சிறந்த ஓட்டக்காரர்கள் ஒன்றரை வருஷம் ஹார்ட்டெயிலில் பழகியவர்கள்தான்.

கையில முப்பதாயிரம்தான் இருக்கு. முதல்ல எதை வாங்கணும்?

சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறது, அது ஹார்ட்டெயில் என்று வைத்துக்கொள்வோம். என் வரிசை இது: முதலில் முகம் மூடும் ஹெல்மெட், அடுத்து முழங்கால் காப்பு, அப்புறம் பிரேக், அப்புறம் டயர், விரல் முழுக்க மூடும் கையுறை. இவ்வளவும் முப்பதாயிரத்துக்குள் முடியும். மிச்சம் இருந்தால் ஆணி முனை வைத்த தட்டைப் பெடல் ஒரு ஜோடி. லேசான ஹேண்டில்பார், கலர் ரிம், புது கியர் எல்லாம் அடுத்த வருஷத்துக்கு.

கடைகளில் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருள் சுலபமாக விற்கும். பிரேக் பேட் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. தீபாவளி போனஸில் சட்டத்தை மாற்றிவிட்டு, தை மாதம் தேய்ந்த டயரோடு வந்து முதல் நாளே மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புல்லட் ஓட்டுற ஹெல்மெட் வீட்ல சும்மா கிடக்கு. அதையே போட்டுக்கலாமா?

அது ரோட்டு வேகத்துக்கும் தார் ரோட்டில் விழுவதற்கும் செய்தது. கனம் அதிகம், காற்று புகாது. மாசி வெயிலில் கரட்டில் இரண்டு முறை இறங்கினாலே தலை சுற்றும். குதித்து இறங்கும்போது அந்தக் கனம் முழுக்கக் கழுத்தில் விழும். சைக்கிளுக்கென்றே வரும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் ஏறக்குறைய ஒரு கிலோதான் இருக்கும். உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். டவுன்ஹில்லுக்கான தரம் அது.

ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும். வெளியே கீறல் மட்டும் தெரியும், உள்ளே நுரை நசுங்கியிருக்கும். பயன்படுத்திய ஹெல்மெட்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கென்று எங்களிடம் இரண்டு ஹெல்மெட் இருக்கிறது.

முன்னாடி ரெண்டு கம்பியும் ஹேண்டில்பார் வரைக்கும் போகுதே, அது எதுக்கு? அதுதான் ஒரிஜினல் டவுன்ஹில் சைக்கிளா?

ஆமாம், பார்த்தவுடன் தெரிகிற அடையாளம் அதுதான். சாதாரண ஃபோர்க்கில் இரண்டு கால்களும் சட்டத்துக்குக் கீழேயே ஒரு இடத்தில் சேர்ந்துவிடும். டவுன்ஹில் ஃபோர்க்கில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் பிடிப்பு இருக்கும். ஃபாக்ஸ் 40, ராக்ஷாக்ஸ் பாக்ஸர் இரண்டும் இந்த வகை. சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கும் நீளத்துக்கு அந்த உறுதி வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் ஃபோர்க் முறுக்கிக்கொள்ளும். புது சைக்கிளாக இந்த வகை வாங்கப் பல லட்சம் ஆகும். எங்கள் ஒன்பது பேரில் மூன்று பேரிடம்தான் இருக்கிறது, மூன்றும் பழசாக வாங்கியது.

வாங்கியதும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஓட்டுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஹெல்மெட், காப்பு எல்லாம் போட்டுக்கொண்டு சைக்கிள் மேல் நின்றால், ஃபோர்க் தன்னால் அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். பின் ஷாக் சுமார் 30 சதவீதம். ஃபோர்க் கம்பியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு ஏறி நின்று இறங்கினால் அளவு தெரிந்துவிடும். நம் பிள்ளைகள் 55, 60 கிலோ. சைக்கிளோடு வருகிற சுருள்கம்பி பல நேரம் அதைவிடக் கனமான ஆளுக்கானது. அப்படியே ஓட்டினால் பாதி கூட அமுங்காது. கல்லின் அடி முழுக்கக் கைக்கு வரும். மெலிந்த சுருள்கம்பி மாற்றிய அன்றே கிரானைட் பாலிஷ் போடும் தம்பி மூன்று நொடி குறைத்தான். அதற்கு முன் நாலு மாதம் தன் கைதான் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பிரேக்ல ஏதோ எண்ணெய்தானே? எந்த எண்ணெய் ஊத்தினா என்ன?

தயவுசெய்து இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். சைக்கிள் டிஸ்க் பிரேக்கில் இரண்டு வகை திரவம் உண்டு. ஷிமானோ போன்ற கம்பெனிகளின் பிரேக்கில் மினரல் ஆயில். ஸ்ராமின் பல பிரேக்குகளில் டாட் 5.1, அதாவது கார், பைக்கில் ஊற்றுகிற பிரேக் ஆயில் இனம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும். எது என்று லீவர் மூடியிலேயே எழுதியிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரித் தம்பி ஒருவன் அவசரத்துக்கு பைக் மெக்கானிக்கிடம் கொடுத்து எண்ணெய் மாற்றினான். மினரல் ஆயில் பிரேக்கில் பைக் பிரேக் ஆயில். இரண்டு நாள் நன்றாகத்தான் பிடித்தது. மூன்றாம் நாள் கரட்டின் நடுவில் இழுத்த லீவர் திரும்பி வரவில்லை. அவன் சமயோசிதமாக சைக்கிளைப் புதர்ப் பக்கம் சாய்த்து விழுந்ததால் தோல் சிராய்ப்போடு போயிற்று. மெக்கானிக் மேல் தப்பில்லை. அவர் பார்த்த பிரேக் எல்லாம் அந்த எண்ணெயில் ஓடுவதுதான். சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது நான்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். புது பேட் போட்டால் அப்படியே போட்டிக்குப் போகாதீர்கள். சமதளத்தில் இருபது முறை நடுத்தர வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாமல், மெதுவாகப் பிடித்துப் பழக்கினால்தான் பிடிப்பு வரும். அடுத்து, செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கை ஒரு துணியால் மூடுங்கள். ஒரு சொட்டுப் பட்டாலும் பேட் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் கத்தும், பிடிக்காது, தூக்கித்தான் போட வேண்டும்.

முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்னு சின்ன வயசுல இருந்து சொல்றாங்களே?

எனக்கும் என் அப்பா அப்படித்தான் சொன்னார். பிரேக் பிடித்தவுடன் எடை முழுக்க முன்சக்கரத்துக்குப் போகிறது. அதனால் நிறுத்துகிற சக்தியும் அங்கேதான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டி, இழுத்துக்கொண்டே போகும், நிற்காது. தூக்கிப் போடுவது, நிமிர்ந்து நின்றுகொண்டு சட்டென்று இழுத்தால்தான். இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் கொண்டுபோய், குதிகாலைக் கீழே அழுத்தி, ஒரே ஒரு விரலால் படிப்படியாக இழுக்க வேண்டும். திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு, பொடி மண்ணில், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரம் இருக்காது.

பிரேக்கை கம்மியா பிடிக்கிறவன்தானே ஜெயிப்பான்?

கம்மியான நேரம் பிரேக் பிடிக்கிறவன். இரண்டும் வேறு. பயத்தில் வழிநெடுக லேசாக இழுத்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகிப் பிடிப்பு குறையும், கை இறுகும், சக்கரமும் கல் மேல் உருளாமல் தடுக்கும். திருப்பத்துக்கு முன்னால் நேர்த்தடத்தில் நன்றாக அழுத்திப் பிடித்து, உள்ளே நுழையும்போது விட்டுவிட வேண்டும். போன மார்கழியில் ஆசிரியை அக்காவை இரண்டு விதமாகவும் ஓட்டச் சொல்லி நேரம் எடுத்தோம். இழுத்துக்கொண்டே வந்தபோது 1 நிமிடம் 31 நொடி. பிடித்து விட்டபோது 1 நிமிடம் 25. இரண்டாவது தடவை பயமும் குறைவாக இருந்தது என்றார்.

டயர்ல எவ்வளவு காத்து அடிக்கணும்? கல்லு மாதிரி அடிச்சா நல்லா உருளும்ல?

ரோட்டில் உருளும். கரட்டில் கல்லுக்குக் கல் துள்ளும். 60 கிலோ எடையுள்ளவருக்கு முன்னால் 22 முதல் 24 பிஎஸ்ஐ, பின்னால் 25 முதல் 27 என்று தொடங்கச் சொல்கிறேன். அதற்குக் கீழே போனால் நம் கிரானைட் பாறை ரிம்மை நசுக்கிவிடும். பக்கச்சுவர் இரட்டைத் துணி வைத்த, 2.4 அல்லது 2.5 அங்குல டயர் வேண்டும்.

அடுத்தது வேலிக்காத்தான் முள். டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் ஒரு காலைக்கு மூன்று பஞ்சர் ஒட்டியிருக்கிறோம். இப்போது எல்லோரும் டியூப் இல்லாமல், உள்ளே பால் மாதிரி அடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுகிறோம். முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். குத்திய முள்ளை வீடு வந்த பிறகு பிடுங்கினால் போதும். நம் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டயரைக் குலுக்கிப் பாருங்கள், சலசலப்பு கேட்கவில்லை என்றால் ஊற்றுங்கள்.

இந்த வருஷம் ஆரம்பப் போட்டிகள் எப்படிப் போச்சு?

மூன்று போட்டி. முதலாவது காணும் பொங்கல் அன்று எங்கள் கரட்டிலேயே, குழுவுக்குள். ஊர்ப் பிள்ளைகள் பாறை மேல் உட்கார்ந்து கை தட்டினார்கள், தோப்புக்காரர் எல்லோருக்கும் நீர்மோர் கொடுத்தார். யார் தயாராக இருக்கிறார்கள் என்று அன்றே தெரிந்துவிட்டது. ஓசூரில் இரவு ஷிஃப்டு முடித்து நேராக வந்த இருவரையும் இரண்டாம் முறை இறங்க விடவில்லை. தூக்கம் இல்லாத கண் கல்லைத் தாமதமாகப் பார்க்கும்.

இரண்டாவது பெங்களூர் அருகே, மாசி மாதம். அங்கே தடம் நம்முடையதைவிட மிருதுவான மண், பெரிய குதிப்புகள். நம் பிள்ளைகள் பாறையில் வேகம், காற்றில் தயக்கம். ஐந்து பேர் ஓட்டி, சிறந்த இடம் எட்டாவது. ஆசிரியை அக்கா பெண்கள் பிரிவில் மூன்றாவது. ஆறு வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது; திரும்பும் வழியில் சூளகிரியில் நிறுத்தி எல்லோரும் சாப்பிட்டோம், அவர் பதக்கத்தைக் கழற்றவே இல்லை.

மூன்றாவது வயநாட்டில். முந்தின நாள் மழை. எங்களிடம் இருந்தது எல்லாம் காய்ந்த மண்ணுக்கான டயர். களிமண் டயர் பல்லில் அடைந்து சக்கரம் வழவழவென்று ஆகிவிட்டது. ஓட்டிய மூன்று பேரும் விழுந்தார்கள், ஒருவருக்கும் பெரிய அடி இல்லை. பல் இடைவெளி அதிகமுள்ள டயர் ஒரு ஜோடியைக் குழுப் பணத்தில் வாங்கி வைத்துவிட்டோம். கேரளாவுக்குப் போகும்போது மாறி மாறிப் போட்டுக்கொள்ளலாம்.

போட்டி அன்னிக்கு என்னதான் நடக்கும்? போனவுடனே ஓட்டிடலாமா?

முதலில் நடக்க வேண்டும். சைக்கிளை வைத்துவிட்டு மேலிருந்து கீழ் வரை தடத்தை நடந்து பார்ப்பது பாதிப் போட்டி. எந்தக் கல்லுக்கு இடது, எந்த வேருக்கு வலது, எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்று அங்கேதான் முடிவாகும். நான் பிள்ளைகளைக் கீழிருந்து மேலாகவும் ஒரு முறை நடக்க வைப்பேன். ஏறும்போது பார்த்தால் பள்ளத்தின் ஆழம் சரியாகத் தெரியும். அப்புறம் பயிற்சி ஓட்டங்கள், வரிசை நிர்ணயிக்கும் ஓட்டம், கடைசியில் ஒரே ஒரு இறுதி ஓட்டம்.

தடத்தின் இருபக்கமும் நாடா கட்டியிருப்பார்கள். வெளியே போய்விட்டால் போன இடத்திலேயே திரும்ப உள்ளே வர வேண்டும், குறுக்கே வெட்டினால் நீக்கம். முன்னால் போனவர் விழுந்து கிடந்து, தடத்தோரம் நிற்பவர்கள் சிவப்புக் கொடி காட்டினால் உடனே நில்லுங்கள். மறு ஓட்டம் கொடுப்பார்கள். உலகப் போட்டிகளில் உடம்போடு ஒட்டும் வழவழப்பான உடைக்குத் தடை உண்டு. நாங்களும் தொளதொள சட்டையும் பேன்ட்டும்தான்.

எம் பொண்ணு பதினஞ்சு வயசு, நானும் வரேன்னு நிக்கிறா. பொம்பளப் புள்ளைக்கு இது சரியா வருமா?

வரும் அம்மா. மேலே சொன்ன பதக்கம் யாருடையது என்று பாருங்கள். பிரிட்டனின் ரேச்சல் ஆதர்டன் 2016-ல் அந்த சீசனின் உலகக் கோப்பைச் சுற்றுகள் ஒன்று விடாமல் ஜெயித்து, உலகச் சாம்பியன்ஷிப்பையும் ஜெயித்தார். அதற்கு முன் இந்த விளையாட்டில் ஆணோ பெண்ணோ யாரும் அப்படி ஒரு சீசனை முடித்ததில்லை.

பதினைந்து வயது பழக நல்ல வயது. சர்வதேசக் கணக்கில் ஜூனியர் என்றால் அந்த ஆண்டில் 17, 18 வயது ஆகிறவர்கள். அதுவரை அவசரம் இல்லை. முதல் மூன்று மாதம் கரட்டின் கீழ்ப் பாதியில் மட்டும், ஆசிரியை அக்கா கூடவே இருப்பார். நீங்களும் வந்து உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகு உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அதையும் மதிப்போம்.

அடிபட்டா யார் பொறுப்பு? உண்மையைச் சொல்லுங்க.

அடிபடும். சிராய்ப்பு எல்லோருக்கும், எலும்பு முறிவு ஆறு வருஷத்தில் நான்கு. இதை மறைத்து யாரையும் சேர்ப்பதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு கட்டாயம். பயிற்சி நாளில் மேலே ஒருவர், நடுவில் ஒருவர், கீழே ஒருவர் போனோடு நிற்பார்கள். சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பாறையில் சுண்ணாம்பால் குறித்திருக்கிறோம், 108-க்கு அங்கிருந்துதான் கூப்பிட வேண்டும்.

தலையில் அடிபட்டால் எங்கள் விதி மாறாது. மயக்கம், வாந்தி, தலைவலி, சொன்னதையே திரும்பச் சொல்வது, எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னாலும் அன்றைக்கு சைக்கிள் கிடையாது. டாக்டர் சரி என்று சொல்லும் வரை அடுத்த வாரமும் கிடையாது. இதற்காக என்னோடு சண்டை போட்டு விலகியவர் உண்டு.

பழைய டவுன்ஹில் சைக்கிள் பெங்களூர்ல விக்கிறாங்க. பார்த்து வாங்குறது எப்படி?

சட்டத்தைத் துணியால் துடைத்து, பற்றவைத்த இடங்களில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் நகத்தில் தட்டும். ஃபோர்க் கம்பியில் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். முன் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. ஃபோர்க்கில் ஓடும் எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் விலையில் அந்தச் செலவைக் குறையுங்கள். பில் இல்லாத சைக்கிள் வேண்டாம்.

இறங்குறது சரி, சைக்கிளை மேல எப்படிக் கொண்டு போறீங்க?

எங்கள் கரட்டில் தள்ளிக்கொண்டுதான். பதினாறு பதினேழு கிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருபது நிமிடம் ஏறுவோம். வெளியூர்ப் போட்டிக்குக் குட்டி யானை வாடகைக்கு எடுத்து, பழைய மெத்தை விரித்து, சைக்கிளை நிறுத்திக் கட்டுவோம். ஆட்கள் பஸ்ஸில் அல்லது காரில். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதில்லை.

எனக்கு பர்கூர் பக்கம் கரடோட அஞ்சு ஏக்கர் இருக்கு. தடம் போட்டா மண்ணு அரிச்சுப் போயிடாதா?

சரியாகப் போடாவிட்டால் கண்டிப்பாக அரிக்கும். எங்கள் முதல் தடத்தைச் சரிவில் நேர்கோடாக வெட்டினோம். ஒரே ஐப்பசியில் அது ஓடையாகிவிட்டது, மண் முழுக்கத் தோப்புக்காரரின் வரப்பில் வந்து சேர்ந்தது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, எங்களுக்குத்தான் முகத்தில் விழிக்க முடியவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை மண்ணைச் சுமந்து திரும்பக் கொட்டினோம்.

இப்போது தடம் சரிவுக்குக் குறுக்காக வளைந்து வளைந்து இறங்குகிறது. பத்தடிக்கு ஒரு இடத்தில் லேசாக மேடும் பள்ளமும் வைத்து, மழைத்தண்ணீர் தடத்தில் ஓடாமல் பக்கத்துப் புல்லுக்கு வெளியேறும்படி விட்டிருக்கிறோம். திருப்பத்து மேடுகளுக்கு அடியில் கல் அடுக்கி மேலே மண் போட்டு மிதித்திருக்கிறோம். ஈரத்தில் ஓட்டுவதே இல்லை. உங்கள் நிலத்தைப் பார்க்க வருகிறோம். ஒரு மழை நாளில் வந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும், அதனால் ஆடி, ஆவணியில் நல்ல மழை பிடித்த அன்று சொல்லி அனுப்புங்கள்.